இரு கோஷ்டிக்கும் அழைப்பு

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவன் நான். எங்கள் ஊரில் கோஷ்டி என்றால் மார்கழியில் தெருவைச் சுற்றி வரும் பஜனைக் கூட்டம்தான். அதற்கு வேறு பொருளும் உண்டு என்பதை இங்கே கம்பெனி யூனியனில் தெரிந்துகொண்டேன்.

நிர்வாகத்திடம் யார் பேசப் போவது என்பதில் தலைவருக்கும் செயலாளருக்கும் கசப்பு வந்தது. சில வாரங்களில் கேன்டீனில் ஜன்னலோரம் தலைவரின் ஆட்கள், கைகழுவும் இடத்தருகே செயலாளரின் ஆட்கள் என்று பிரிந்து உட்கார்ந்தார்கள். என் விரல் நசுங்கியபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் தலைவர். என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிப் பேசியவர் செயலாளர். நான் நடுவில் ஒரு மேசையில் உட்கார்ந்தேன்.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டுக்காரன் கெலமங்கலத்தைச் சேர்ந்தவன். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். அவன் தலைவர் பக்கம் போய்விட்டான்.

"ஏதோ ஒரு பக்கம் நில்லுண்ணா. நடுவுல இருக்கறவன ரெண்டு பேரும் நம்ப மாட்டாங்க" என்றான்.

அந்தத் தையில் சிறிதாக ஒரு வீடு கட்டிக் குடிபுகுந்தேன். இரு தரப்பையும் நேரில் போய் அழைத்தேன்.

"அவங்களயும் கூப்ட்டிருக்கியா?" என்று தலைவர் கேட்டார். செயலாளரும் அதையேதான் கேட்டார். ஆமாம் என்றேன். இருவருமே "பாக்கலாம்" என்றார்கள்.

பந்தியில் பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பமும் மனைவி வழி உறவினர் சிலரும்தான் சாப்பிட்டார்கள்.

"உங்க கம்பெனி ஆளுக ஒருத்தரும் வரலியேங்க" என்று மனைவி ஒருமுறை சொன்னாள். மிஞ்சியதைத் தெருமுனையில் கட்டட வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தோம்.

மறுநாள் பஸ்ஸில் கெலமங்கலத்துக்காரன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கெளம்பிட்டேன்ணா. அந்தப் பக்கத்து ஆளுங்க இருப்பாங்கன்னு திரும்பிட்டேன்."

"யாருமே இல்லப்பா" என்றேன்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து அவன் பின்சீட்டுக்கு மாறிக்கொண்டான்.

பிறகு வேறொரு சங்கம் உள்ளே நுழையப் பார்த்தது. தலைவரும் செயலாளரும் கைகோத்துக்கொண்டார்கள். கேன்டீனில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். எதிரெதிராக முறைத்தவர்கள் ஒரே மேசையில் சிரித்துப் பேசினார்கள். என்னிடம் மட்டும் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் யாரோடாவது சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருப்பேன்.

இப்போதும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். தட்டோடு கடந்து போகும்போது கெலமங்கலத்துக்காரன், "சாப்ட்டாச்சாண்ணா?" என்பான். சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பேன். "ஆச்சுப்பா" என்பேன்.