பாத்திரத்தில் மீந்தது

பம்மலில் உள்ள அந்தச் சின்னச் சபையில் மொத்தமே அறுபது பேர். கோயில் மணியை அடிப்பது அசரியா. கூட்டுவதும் துடைப்பதும் திருவிருந்துக்குத் திராட்சரசம் காய்ச்சுவதும் அவர் பெண்டாட்டி கிருபா. சும்மா சொல்லக் கூடாது, நல்ல கைப்பக்குவம். ஆனால் பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஷேர் ஆட்டோ கொஞ்சம் வேகம் எடுத்தாலே "இயேசுவே" என்று பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வாள்.

2009-இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது சபைப் பையன் ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். அதோடு கோயிலைப் பூட்டிவிட்டார்கள். மூன்று ஞாயிறு போயிற்று. நான்காவது ஞாயிறு திறக்கலாம் என்று முடிவானது, அதுவும் திருவிருந்தோடு.

கிருபாவுக்குப் புருஷனை நினைத்துத்தான் பயம். அசரியா முப்பது வருஷம் தோல் கம்பெனியில் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். போன வருஷம் மூச்சு முட்டி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்னொரு காய்ச்சல் வந்தால் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இங்கேயோ எல்லாரும் ஒரே பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பார்கள். இயேசுவின் ரத்தமென்று ஆசீர்வதித்த ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது, மீந்ததை யாராவது குடித்தே ஆக வேண்டும். போதகரான ஐயர் அடுத்த ஆராதனைக்கு அனகாபுத்தூர் ஓடுகிறவர். அதனால் மீதி எப்போதும் அசரியாவுக்குத்தான். அறுபது வாய் பட்ட மீதி!

சனிக்கிழமை பெஞ்சுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, பினாயில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தவள், மேற்பார்வைக்கு வந்த ஐயரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயரே, ஆளுக்கு ஒரு சின்ன கப்பு வாங்கிக்கலாமே?"

"கமிட்டி ஒத்துக்கலையேம்மா. பயப்படுறவங்க அப்பம் மட்டும் எடுத்துக்கலாம்னு சொல்லிடறேன்."

அவர் போனதும் புருஷனிடம் போனாள். "ஏங்க, நாளைக்கு மீந்தா குடிக்காதீங்க. செடிக்கு ஊத்திடலாம்."

"இன்னா பேச்சு பேசறே? ஆண்டவர் ரத்தத்தைச் செடிக்கு ஊத்தறதா?" அசரியாவுக்குக் கோபத்தில் இருமலே வந்துவிட்டது. அந்த இருமலைக் கேட்டதும் அவளுக்கு உயிரே போய்விட்டது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வழக்கமாக ஒரு பாட்டில் ரசம் வைப்பாள். இந்த முறை பாதிதான் வைத்தாள். ஆளுக்கு ஒரு வாய் குடித்தால் கடைசி வரிசைக்கே போதாது, மீதி எங்கிருந்து வரும்? ஐயர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள். ஐயர் சொன்னபடி அப்பத்தோடு நிறுத்திக்கொள்ள ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. பாத்திரத்தை வேண்டாம் என்றால், என்ன பாவம் பண்ணினாளோ என்று பக்கத்துப் பெஞ்சு பேசுமே! அதனால் எல்லாரும் பாத்திரத்தில் உதட்டை வைத்தார்கள், எடுத்தார்கள். ஒருத்தர் தொண்டையும் அசையவில்லை. தன் முறை வந்தபோது கிருபாவும் அதையேதான் செய்தாள். குனிந்து பார்த்தாள். ஊற்றின ரசம் அளவு குறையாமல் அப்படியே இருந்தது.

அட மடச்சி, உனக்கு இருக்கிற பயம் ஊருக்கு இருக்காதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆராதனை முடிந்தது. ஐயர் பாத்திரத்தை அசரியாவிடம் கொடுத்துவிட்டு பைக்கை உதைத்துக் கிளம்பினார். பின்னறையில் அசரியா கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுப் பாத்திரத்தைத் தூக்கினார். கிருபா பாய்ந்து பிடுங்கினாள். நின்ற இடத்திலேயே மடக் மடக்கென்று குடித்து முடித்தாள். தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் குடித்தாள்.

"அடிப்பாவி, இன்னாடி பண்ணிட்டே?"

"உங்க நெஞ்சு தாங்காதுங்க. எனக்குத் தாங்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் அவளுக்கு உறைத்தது. குடியிருப்பது ஒரே அறை. தனக்கு வந்தால் அது நேரே அவருக்குத்தான். அழுதுகொண்டே அசரியா அவளை அணைக்கக் கையை நீட்டினார்.

"கிட்ட வராதீங்க!" என்று அலறிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள் கிருபா. "ஒங்களக் கும்பிடறேன், அப்பால போங்க!"

அவர் கையை நீட்டியபடியே நின்றார்.