க்ளாசெட்டுக்குள் ஒரு சுருதிப் பெட்டி

எனக்குச் சங்கீதக் காது கிடையாது என்பது பிளசன்டனில் ஒரு சனிக்கிழமை முடிவானது. எனக்கு அப்போது ஒன்பது வயது. தன்னைப் பற்றிய கெட்ட செய்தியை எந்தக் குழந்தையும் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டிருக்காது. திரும்பும் வழியெல்லாம் காரின் பின் இருக்கையில் காலை ஆட்டிக்கொண்டே வந்தேன். முன் இருக்கையில் அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். மகளுக்கு வயலின் வரவில்லையே என்று அழுகிறாள் என நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

நாங்கள் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஒரு அபார்ட்மென்ட்டின் மாடி வீட்டில் இருந்தோம். அப்பா காலையில் ஆபீஸ் போனால் நான் தூங்கிய பிறகுதான் வருவார். அம்மாவின் விசாவில் வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டவும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பு மதுரையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். நாள் முழுக்க ஊர் ஊராகப் பேசியவள். ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டு போன், லாங் டிஸ்டன்ஸ் கம்பெனியை மாற்றிக்கொள்ளச் சொல்லி விற்பனைக்காரன் எவனாவது கூப்பிட்டால்தான் அடிக்கும். அவனிடமும் அம்மா கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் வைப்பாள்.

வயலின் எங்கள் வீட்டுக்குள் வந்தது மவுரி அவென்யூ மளிகைக் கடை வழியாக. கறிவேப்பிலைப் பெட்டி முன்னால் நின்ற ஒரு ஆன்ட்டியிடம் அம்மா பேச ஆரம்பித்தாள். காரில் காத்திருந்த அப்பா பொறுமை இழந்து உள்ளே வரும் வரை பேசினாள். அந்த ஆன்ட்டி பிளசன்டனில் குழந்தைகளுக்கு வயலின் சொல்லித் தருகிறவர். அடுத்த வாரமே யாருடைய மகளுக்கோ பத்தாமல் போன முக்கால் அளவு வயலின் ஒன்று என் மடியில் இருந்தது. எனக்கு வயலின் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. பல் டாக்டரிடம் கூட்டிப்போகும்போதும் யாரும் கேட்பதில்லை, அதனால் எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா எங்களை ஃப்ரீவேயில் மலையைத் தாண்டிக் கொண்டுபோய் ஆன்ட்டி வீட்டில் இறக்கிவிட்டு ஆபீஸுக்குப் போவார். மதியம் வந்து கூட்டிக்கொள்வார். கார்ப்பெட்டில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பக்கத்திலேயே கிச்சன். அங்கே மேஜையைச் சுற்றி அம்மாக்கள். காபி வாசனை வரும், பிறகு அவர்கள் பேச்சு வரும், பிறகு எல்லோரையும் தாண்டி என் அம்மாவின் சிரிப்பு வரும். வீட்டில் நான் கேட்டே அறியாத சிரிப்பு அது. எனக்கு ஆத்திரமாக வரும். என்னை இங்கே வதைக்க விட்டுவிட்டு இவள் அங்கே சிரிக்கிறாளே என்று வில்லை இன்னும் அழுத்தித் தேய்ப்பேன்.

வதை என்று சும்மா சொல்லவில்லை. வில்லை வைத்தால் முதலில் வருவது கதவுக் கீல் சத்தம். வாரம் முழுக்கத் தேய்த்தபின் வருவது எண்ணெய் போட்ட கதவுக் கீல் சத்தம். மற்றக் குழந்தைகள் சரளி வரிசை முடித்து ஜண்டை வரிசைக்குப் போனார்கள். நான் சரளி வரிசையிலேயே குடியிருந்தேன். விரல் நுனியில் கம்பி பதிந்து கோடு விழுந்திருக்கும். ராத்திரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, நாளைக்கும் விடியுமே என்று நினைத்துக்கொண்டு படுப்பேன். ஒன்பது வயதில் அப்படி ஒரு நம்பிக்கையின்மை இருக்க முடியும் என்று பெரியவர்களுக்கு ஞாபகமிருப்பதில்லை.

வீட்டில் சாதகம் செய்த முதல் வாரமே கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். அடுத்த வாரம் அபார்ட்மென்ட் மேனேஜரே வந்து, மிகவும் மரியாதையாக, வேறு பொழுதுபோக்கு உண்டா என்று விசாரித்தார். மேனேஜர் போனதும் அம்மா யோசித்து, பெட்ரூமில் துணி தொங்கவிடும் சின்ன அறையான க்ளாசெட்டைக் காலி செய்தாள். முழுக்க இல்லை. அவளுடைய பட்டுப் புடவைகள் மட்டும் அங்கேயே தொங்கின. கட்டிக்கொண்டு போக இடமில்லாத புடவைகள், சத்தத்தை நன்றாகக் குடித்தன. அவற்றுக்கு நடுவில், அந்துருண்டை வாசனையில், முட்டியோடு முட்டி இடிக்க நானும் அம்மாவும் உட்காருவோம். நான் வாசிக்க அவள் தொடையில் தாளம் போடுவாள். பாட்டில் அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

க்ளாசெட்டில் பிளக் பாயின்ட் கிடையாது. அதனால் மதுரையிலிருந்து வரவழைத்த சுருதிப் பெட்டியை பேட்டரியில் ஓட்டினோம். டிவி ரிமோட்டில் வேலை செய்யாமல் போன பேட்டரிகளையெல்லாம் அம்மா அதற்குள் போட்டுத் தேய்த்தாள். பெட்டி எப்படியோ முனகிக்கொண்டிருந்தது. வயலினின் கம்பியை முறுக்கும் பிருடையைத் தொடவே கூடாது, வகுப்பில் தான் மட்டும்தான் சுருதி கூட்டுவேன் என்பது ஆன்ட்டியின் உத்தரவு. பெட்டியோடு சேர்ந்து வாசி என்பது இன்னொரு உத்தரவு. நான் இரண்டையும் மீறவில்லை. பெட்டியின் சுருதி எங்கே இருந்ததோ அங்கே போகும்வரை விரலை நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஆன்ட்டி கிச்சனுக்கு வந்தார். மற்ற அம்மாக்கள் பேச்சை நிறுத்தினார்கள். எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த அப்பா வாசலருகே ஷூவோடு நின்றிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஓபன் ஸ்ட்ரிங்ல சா வருது, பா வருது. விரல் வெச்சா எல்லாமே இறங்கிப் போகுது. குழந்தைக்கு சுருதியே காதுல விழல. சும்மா டார்ச்சர் பண்ற மாதிரி இருக்கு. ஸ்விம்மிங் மாதிரி ஏதாவது ட்ரை பண்ணுங்களேன்."

அம்மா கையிலிருந்த காபி டம்ளரைக் கழுவி, துடைத்து, அதன் இடத்தில் வைத்தாள். அந்த வீட்டில் எது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "சரிங்க" என்றாள். பிறகுதான் கார், என் கால் ஆட்டல், அவள் அழுகை எல்லாம்.

அதன் பிறகு வந்த சனிக்கிழமைகளில் அம்மா வழக்கம்போலத் தலை குளித்து, சுடிதாரை இஸ்திரி போட்டு உடுத்திக்கொள்வாள். பிறகு சமைக்க ஆரம்பிப்பாள். நான் கார்ட்டூன் பார்த்தேன்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் அப்பா. சுருதிப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்தவர், அடாப்டரில் ஓட்டினார், பிறகு அம்மா போட்டு வைத்திருந்த பேட்டரியில் ஓட்டினார். பேட்டரியில் அதன் குரல் கீழே விழுந்தது. இன்ஜினியர் இல்லையா, புதுப் பேட்டரி ஒன்று, பழசு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். பெட்டி பட்டினியில் இறங்கிப் போயிருக்கிறது, பிள்ளை அதோடு சேர்ந்து இறங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். என் காதில் கோளாறே இல்லை. இருந்திருந்தால் சரியாக வாசித்திருப்பேன்.

அடுத்துப் போன பர்த்டே பார்ட்டியில் அப்பா இதைக் கதையாகச் சொன்னார். அங்கிள்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் பெருமையாகச் சிரித்தேன். அம்மா பேப்பர் தட்டில் இருந்த கேக்கை ஸ்பூனால் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

திரும்பும்போது காரில் கேட்டாள்.

"என்னங்க, ஆன்ட்டிகிட்ட இந்த பேட்டரி விஷயத்தச் சொன்னா திருப்பிச் சேத்துக்குவாங்கல்ல?"

"சேத்துக்குவாங்கதான். ஆனா அவளுக்கு இன்ட்ரெஸ்ட் வேணுமே. இந்த ஊர்ல எல்லாம் ஃபோர்ஸ் பண்ணக் கூடாதும்மா. அவகிட்டயே கேட்டுடுவோம்." அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்னடா, வயலின் க்ளாஸ் கண்டின்யூ பண்றியா?"

என் வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் ஒன்றைக் கேட்டிருந்தார்கள்.

"நோ! ப்ளீஸ், நோ!" என்றேன்.

"பாத்தியா," என்றார் அப்பா. குழந்தையின் விருப்பத்தை மதிக்கிற தகப்பனாக இருப்பதில் அவருக்குத் திருப்தி. அம்மாவின் விருப்பம் என்று ஒன்று அந்தக் காருக்குள் இருப்பது அவருக்கும் படவில்லை, எனக்கும் படவில்லை. அம்மா சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஃப்ரீவேயில் பார்க்க ஒன்றும் கிடையாது.

பெட்டியை அப்பா யாருக்கும் கொடுக்கவில்லை, மறந்துவிட்டார். மழை பெய்த ஒரு சனிக்கிழமை அப்பா ஆபீஸ் போயிருந்தார். கார்ட்டூனுக்கு நடுவில் விளம்பரம் வந்தபோது பெட்ரூம் பக்கமிருந்து முனகல் கேட்டது. ஓடிப்போய் க்ளாசெட் கதவைத் திறந்தேன். பட்டுப் புடவைகளுக்கு நடுவே அம்மா முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே, நான் உட்காரும் இடத்தில், சுருதிப் பெட்டி. மறுபடியும் பழைய பேட்டரி போலிருக்கிறது, குரல் நன்றாக இறங்கிப் போயிருந்தது. அவள் தாளம்கூடப் போடவில்லை.

"அம்மா, நான் திரும்ப ப்ராக்டிஸ் பண்ணணுமா?" என்று இங்கிலீஷில் கேட்டேன். கிட்டத்தட்ட அழுதுவிட்டேன்.

"இல்லடி. உனக்கு இல்ல. நீ போயி டிவி பாரு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வயலினும் இல்லாமல், வாசிக்க ஆளும் இல்லாமல், அந்த இருட்டில் அவளுக்குக் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் டிவி சரியாகக் கேட்காது. அதனால் கதவை நன்றாக இழுத்துச் சாத்திவிட்டுப் போனேன்.