அப்பளக் காவல்

அன்று மொட்டை மாடியில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. வீட்டுக்காரம்மா. எங்கள் பாப்பா, இரண்டு வயது ஆகப் போகிறது. தண்ணி டேங்க் மேல் ஒரு காக்கா. கயிற்றுக் கட்டில் நிறைய உளுந்து அப்பளம்.

பாப்பா நடக்கவில்லை. அதுதான் எங்கள் கவலை. தவழுவாள். பிடித்து நிற்க வைத்தால் உட்கார்ந்துவிடுவாள். கால் இரண்டும் வில் மாதிரி வளைந்திருந்தது. அவள் வயசுப் பிள்ளைகள் தெருவில் ஓடி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவிக்கு அதைப் பார்த்தே பொறாமை.

"நம்மது எப்பங்க பல்லு ஒடைச்சுக்கும்?" என்பாள்.

ஜோகுபாளையத்தில் எங்களுக்குப் பின்பக்க ரூம். பகலிலும் லைட் போட வேண்டும். பாப்பாவை வெளியே விட மாட்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து, ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"வைட்டமின் டி ரொம்பக் கம்மி. எலும்புல பலமில்ல. வாரம் ஒரு பொட்டலம் பவுடர், பால்ல கலந்து குடுங்க. சீக்கிரம் நடக்கட்டும்னு ரெண்டு குடுத்துராதீங்க, அது கெடுதி. வெயில்லயும் விடுங்க."

"கறுத்துருமே டாக்டரம்மா" என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பரவால்லம்மா" என்றார்.

பவுடர் கடையில் கிடைத்தது. வெயில் மாடியில் இருந்தது. மாடிச் சாவி வீட்டுக்காரம்மா இடுப்பில் இருந்தது. அவர் அப்பளம் போட்டு விற்பவர். கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டது.

"சாவி தர்றேன். ஆனா நீ காக்கா ஓட்டணும். வாட்ச்மேன்தானே?"

ராத்திரியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் வாட்ச்மேன் வேலை எனக்கு. காலையில் வந்து, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவேன். பாயில் விட்டுவிட்டுப் பக்கத்தில் குச்சியோடு உட்காருவேன். குச்சி கையில் இருக்கும். கண் மூடிவிடும்.

பவுடர் நாலைந்து பொட்டலம் உள்ளே போயிருக்கும். அப்போதுதான் ஆரம்பித்தது. வீட்டுக்காரம்மா எண்ணி வைத்து எண்ணி எடுப்பவர்.

"ஏனப்பா, ரெண்டு ஹப்பளா கம்மி."

"காக்காம்மா."

மறுநாள் மூன்று கம்மி. மறுபடியும் காக்கா என்றேன்.

"காக்கா ஓட்டத்தானே உன்னை வெச்சேன்?"

ஆபீசில் ஒரு பல்பு காணாமல் போனதில்லை என்றேன்.

"அங்க ஹப்பளா இல்ல" என்றார்.

தினமும் குறைந்தது. தினமும் திட்டு. கடைசியில் பாய்க்கு அடியில் ஒரு பாதி அப்பளம் கிடைத்தது. சின்னப் பல்லால் கடித்த அப்பளம்.

"காக்காக்கு பல்லு உண்டா?"

நான் வாயைத் திறந்து காட்டினேன். என் பல் பெரிது.

"அப்போ உன் மகள்."

துணி காயப்போட வந்த என் மனைவி காதில் அது விழுந்தது. வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா சொல்றீங்க? அப்பளம் கட்டில் மேல கீது. நின்னாத்தான் எட்டும். எம்பொண்ணு நின்னா நா ஏன் ஆஸ்பத்திரிக்கு அலையறேன்? ஒரு அப்பளத்துக்காக கொழந்தய திருடின்னுட்டீங்களே!"

"அய்யோ தேவ்ரே, திருடின்னா சொன்னேன்? நிக்கறான்னு சொன்னேன்."

என் மனைவி பாப்பாவின் காலைப் பார்த்தாள்.

வீட்டுக்காரம்மாதான் ஏற்பாடு செய்தார். பெண்கள் இருவரும் டேங்க் பின்னால். நான் பாயில் படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்க வேண்டும். விழித்திருக்கிற மாதிரி தூங்கிப் பழக்கம் உண்டு. இது புதுசு.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு என் கண் இமையை ஒரு சின்ன விரல் தூக்கியது. பாப்பா உள்ளே பார்த்தாள். நான் அசையவில்லை. இமையை விட்டாள். என் காதைப் பிடித்தாள். அதை இழுத்து எழுந்து நின்றாள். வலித்தது. பொறுத்துக்கொண்டேன்.

காதை விட்டாள். வாத்து மாதிரி, இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம். கட்டில் வரைக்கும் போய்விட்டாள். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு அப்பளம் எடுத்தாள். கடித்தாள். மீதியைக் கீழே போட்டாள். காக்கா இறங்கி வந்து எடுத்துக்கொண்டது.

"நா சொல்லல?" என்றார் வீட்டுக்காரம்மா.

"நானும்தான் சொன்னேன், காக்கான்னு" என்றேன் படுத்தபடி.

என் மனைவி ஓடி வந்து பாப்பாவைத் தூக்கினாள். முத்தம் கொடுத்தாள். தூக்கக் கூடாது என்று இறக்கிவிட்டாள். நிற்கிறாளா என்று பார்த்தாள். நின்றாள். பாப்பா இன்னொரு அப்பளம் எடுத்தாள். வீட்டுக்காரம்மா தடுக்கவில்லை.

"ஏம்மா, முதல் நாள்லேருந்து மொத்தம் எத்தினி போயிருக்கும்?" என்றாள் என் மனைவி. அழுதுகொண்டே கேட்டாள். மூக்கையும் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்கு? நா காசு கேக்க மாட்டேன் போ."

"எனக்குத் தெரியணும்மா. அத்தினி தடவ எழுந்து நின்னுருக்கா. காக்கா தின்னது, ஒடைஞ்சது, எல்லாம் சேத்து சொல்லுங்க. ஒண்ணு கூட விட்டுராதீங்க."

வீட்டுக்காரம்மா கண்ணை மூடி விரல் மடக்கினார். பாப்பா கையில் இருந்ததையும் சேர்த்துக்கொண்டார்.

நாற்பத்து மூன்று.