எந்தப் பாஷை என்று யோசித்தேன்

துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா நான். காலடிப்பேட்டையிலிருந்து விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் வீடு திரும்புவேன். ஜப்பான் கப்பல்கள் அடிக்கடி வருகின்றன. அந்தப் பக்கத்துப் பாஷைகள் தெரிந்தால் வெயிலில் நிற்காத ஆபீஸ் வேலை கிடைக்குமென்று ஓர் ஆசை. மாலுமிகளைக் கேட்டுக் கேட்டு ஜப்பான், சீனம், கொரியா மூன்றையும் ஒன்றாகவே ஆரம்பித்தேன். சோறு தின்னும்போதும் முணுமுணுப்புத்தான். உடம்பு ஓய்ந்ததுதான் மிச்சம். மூன்றும் மண்டைக்குள் கலந்துவிட்டன.

போன மாதம் கப்பல் மேலிருந்து ஒரு மாலுமி என்னைப் பார்த்துக் கத்தினான். தெரிந்த வார்த்தைதான். ஜப்பானா, சீனமா என்று நின்ற இடத்திலேயே யோசித்தேன். மூட்டை தூக்கும் காதர் பாய் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கிரேனிலிருந்து நழுவிய பெட்டி நான் நின்ற இடத்தில் விழுந்து நொறுங்கியது.

"அவன் தொண்ட கிழிய கத்திகினு கீறான், நீ இன்னா நைனா, செல மாதிரி நின்னுகினு கீறே?" என்றார் பாய்.

"இன்னா பாஷைன்னு யோசிச்சேன் பாய்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

மாலுமி கத்தியது ஜப்பான் பாஷையில் 'ஆபத்து'. நானே கேட்டு மனப்பாடம் செய்த வார்த்தை.

இப்போது ஜப்பான் ஒன்றுதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். துறைமுகத்தில் யார் எந்தப் பாஷையில் கத்தினாலும் முதலில் ஒதுங்கிவிடுகிறேன். அர்த்தத்தைப் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.