முதல்ல நீ போ

நோவெலாவுக்கு டீச்சர் ஆகவேண்டும் என்ற ஆசை இருப்பது எங்கள் ஊருக்கே தெரியும். இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிகளை மூடுவார்கள். மற்ற பிள்ளைகள் குனிந்து கிழங்கு பொறுக்கிப் பீப்பாய்களை நிரப்பிக் காசு பார்ப்பார்கள். நோவெலாவோ ஒரு பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, அப்பா ஃபெர்னானிடம் திட்டு வாங்குவாள்.

மெய்ன் மாநிலத்தின் வடகோடி அது. ஆற்றுக்கு அக்கரையில் கனடா. வீட்டில் பிரெஞ்சு, பள்ளியில் ஆங்கிலம். தெற்கே இருந்த ஒரு கல்லூரியில் இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்தாண்டு ஆசிரியர் படிப்பு இருந்தது. முடித்து வந்தால் எந்தப் பள்ளியிலும் வேலை கிடைக்கும், சம்பளமும் ஒரு படி கூட. நோவெலாவுக்கு அங்கே இடம் கிடைத்தது. கட்டணம் கட்ட வழியில்லாததால் ஒரு வருடம் தள்ளிப்போட்டு, வறுவல் ஆலையில் சேர்ந்தாள். வெட்டிய உருளைத் துண்டுகள் ஓடும் பட்டைக்கு முன்னால் நின்று கறுத்ததைப் பொறுக்கி எறிகிற வேலை. அந்த ஒரு வருடம் முடிவதற்குள் தங்கை கொலெத்துக்கும் அதே படிப்பில் இடம் வந்துவிட்டது.

அந்த வருடம் கிழங்குக்கு விலை இல்லை. ஃபெர்னான் சமையலறை மேசையில் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒருத்திக்குத்தான் முடியும். அதுவும் பாதிதான். மீதியை யாராவது சம்பாதிச்சுத் தரணும்."

கொலெத் தட்டிலிருந்த ப்ளாய் தோசையைச் சுருட்டி, பிரித்து, மறுபடியும் சுருட்டிக்கொண்டிருந்தாள். கண்ணீர் வெண்ணெய்மேல் விழுந்தது.

"அக்கா போகட்டும்பா. அவதான் பெரியவ."

"எனக்கு வேலை இருக்கு. உனக்கு இல்ல" என்றாள் நோவெலா. "முதல்ல நீ போ. நான் கட்டறேன். நீ படிச்சு வேலைக்கு வந்ததும் நான் போறேன். அப்ப நீ கட்டு. சரியா?"

"சத்தியமாக்கா! ஒரு நாள்கூட உன்னைக் காக்க வைக்க மாட்டேன்."

அம்மா லொரெத் அடுப்பிலிருந்து திரும்பி, "அப்ப சரி, முடிஞ்சுது. சாப்பிடுங்க" என்றாள். இந்தப் பேச்சைக் கேட்டவர்கள் அந்த நான்கு பேர்தான். எழுதி வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அக்கா தங்கைக்குள் என்ன எழுத்து?

கொலெத் போனாள். நோவெலா பட்டைக்கு முன்னால் நின்றாள். ஆலையில் குளிர் எலும்புவரை இறங்கும். தலையில் வலைத்தொப்பி, காதில் பஞ்சு, உடம்பெல்லாம் மாவும் எண்ணெயும் கலந்த வாசனை. பக்கத்தில் நின்ற ஜெர்மேன் அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பாள்.

"உன் கல்லூரிக்காரி எப்படி இருக்கா? நீ பொறுக்கற, அவ படிக்கறா."

"அடுத்து நான் படிப்பேன். அப்ப நீ தனியா பொறுக்கு."

நான்காம் ஆண்டு முடியும் நேரத்தில் கொலெத் போன் செய்தாள். இதுவரை வந்த கொஞ்சம் அரசு உதவித்தொகையும் இளங்கலையோடு நின்றுவிடும், ஐந்தாம் ஆண்டு முழுவதையும் கையிலிருந்து கட்டவேண்டும் என்றாள்.

"இதோட நிறுத்திட்டு வந்துடவாக்கா?"

"பாதிக் கிணறு தாண்டி என்ன பிரயோஜனம்? முதுகலையும் முடிச்சுட்டு வா. நான் பாத்துக்கறேன்."

நோவெலா தன் பனிவண்டியை விற்றாள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஆலைக்கு நடந்து போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரட்டை ஷிப்ட் பார்த்தாள். ரிச்சர் என்றொரு நல்ல பையன் அவளை நடனத்துக்கு அழைத்து அழைத்துச் சலித்து வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டது அந்த வருடம்தான். அவளுக்கு அது பெரிய வருத்தமாகப் படவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தான் என்று எண்ணிக்கொண்டாள்.

கொலெத் இரண்டு பட்டங்களோடு வந்தாள். ஊர்ப் பள்ளியிலேயே வேலையும் கிடைத்தது. முதல் வருடம், "கார் இல்லாம எப்படிக்கா போய்வர்றது? இந்த ஒரு வருஷம் மட்டும்" என்றாள். அடுத்து ரீனோவோடு கல்யாணம் வந்தது. அதன்பின் வீடு. அதன்பின் குழந்தை. ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் முத்தம் கொடுத்துத்தான் தள்ளிப்போட்டாள். பிறகு ஃபெர்னானுக்குப் புற்றுநோய் வந்தது. கொலெத்துக்கு வகுப்பு, குழந்தைகள். பார்த்துக்கொண்டது நோவெலா. அவர் போன பிறகு லொரெத் பெரிய மகளோடு இருக்கவில்லை. கொலெத்தின் புது வீட்டில் கீழ்த்தளத்து அறைக்குப் போய்விட்டாள். அங்கே சூடு நன்றாக இருந்தது.

நோவெலா கேட்பதை நிறுத்தினாள். கேட்காவிட்டால் தங்கைக்கே உறைக்கும் என்று நினைத்தாள். அது அவள் தப்புக்கணக்கு.

ஒரு வசந்தத்தில் மாவட்டத்தின் சிறந்த ஆசிரியராகக் கொலெத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதா கோயில் கூடத்தில் விருந்து. பானை பானையாக வேகவைத்த அவரைக்கொட்டை, பன்றி இறைச்சி, ரொட்டி. பரிமாறிய பெண்களில் நோவெலாவும் ஜெர்மேனும் இருந்தார்கள். தங்கைக்கு விருது என்றதும் நோவெலா தானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. நீல கவுன் போட்டு, முடியைச் சுருட்டி விட்டிருந்தாள்.

கொலெத் மைக் முன்னால் நின்றாள். நன்றாகவே பேசினாள். பேச்சின் நடுவே குரல் தழுதழுத்தது.

"ஒரு விவசாயி வீட்டுப் பொண்ணு நான். அஞ்சு வருஷப் படிப்புக்கு எனக்கு யாரும் கட்டல. கிழங்கு பொறுக்கினேன், ஓட்டல்ல தட்டு கழுவினேன், என் படிப்புக்கு நானே கட்டினேன். அதனாலதான் என் பிள்ளைங்ககிட்டச் சொல்றேன், மனசு வெச்சா முடியும்னு. என் அக்கா இங்கதான் இருக்கா. அவளுக்குப் படிப்புல அவ்வளவா நாட்டம் இல்ல, ஆனா எவ்வளவு உழைப்பாளி! கை தட்டுங்க."

தட்டினார்கள். நோவெலாவின் கையில் அவரைப் பானை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூட்டமே அவளைப் பார்த்துச் சிரித்தது, அன்பாகத்தான்.

ஜெர்மேன் கரண்டியை மேசையில் போட்டாள். "யாரைப் பத்திடீ பேசறா இவ?"

"பேசாம இரு" என்றாள் நோவெலா. கடைசி மேசைவரை பரிமாறி முடித்தாள்.

வண்டிகள் நிறுத்துமிடத்தில், கொலெத் பூங்கொத்தைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"யாரும் கட்டலையா கொலெத்?"

"ஐயோ அக்கா, அது ஒரு மேடைப்பேச்சு. எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க."

"எனக்குப் படிப்புல நாட்டம் இல்லையா?"

"பின்ன என்னன்னு சொல்றது? வறுவல் ஆலையில நின்னு எங்கக்கா படிக்க வெச்சான்னா?"

"ஆமா. அதைத்தான் சொல்லணும்."

கொலெத் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது நீயா ஆசைப்பட்டு செஞ்சது. நான் கேட்டேனா? முப்பத்தாறு வயசாச்சு உனக்கு. பதினெட்டு வயசுப் பசங்களோட போய் உக்காரப்போறியா? ஊரு சிரிக்கும்."

நோவெலா அன்று அழவில்லை. மறுநாள், கொலெத் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அம்மாவிடம் போனாள். அம்மா ஒருத்தி சொன்னால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. பணம்கூட வேண்டாம், நடந்தது நடந்தது என்று ஒரு வார்த்தை.

லொரெத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா மேசையில உக்காந்து பேசினது நினைவிருக்கில்ல? முதல்ல அவ, அப்புறம் நான்னு."

லொரெத் ஒரு தலையணை உறையை இரண்டு தடவை மடித்தாள்.

"எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லையேம்மா."

"நீங்கதானேம்மா 'முடிஞ்சுது, சாப்பிடுங்க'ன்னு சொன்னீங்க?"

"எத்தனையோ தடவை சாப்பிடுங்கன்னு சொல்லியிருப்பேன். விடு நோவெலா. அவளுக்கு இப்பதான் ஒரு பேரு கிடைச்சிருக்கு. நானும் அவ வீட்டுல இருக்கேன்."

அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். தங்கை செய்ததை ஏதோ ஒரு மூலையில் வைத்துப் பூட்டிவிட்டு வாழ்ந்திருக்க நோவெலாவால் முடிந்திருக்கும். அம்மா சொன்னது அப்படியில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, அன்றைக்குச் சமையலறையில் பேசியதெல்லாம் தானே கற்பனை செய்துகொண்டதோ என்று ஒரு நிமிடம் அவளுக்கே சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தை நினைத்துத்தான் அழுதாள், பாலத்தின் பக்கத்தில், நின்றுகொண்டே.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் கல்லூரியில் சேர்ந்தாள். அதே படிப்புதான். இப்போது ஒரு மணி நேரத் தொலைவில் அதை மாலை வகுப்பாக வைத்திருந்தார்கள். காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம் என்று பல வருடம் இழுத்து இழுத்துப் படித்தாள். கொஞ்சம் உதவித்தொகை, கொஞ்சம் கடன், மிச்சம் சம்பளம். முதல் நாள் வகுப்பில் அவளைப் பேராசிரியை என்று நினைத்து ஒரு பையன் எழுந்து நின்றான். அவளும் சிரித்துவிட்டாள். பாடங்கள் கடினமாக இல்லை. கொலெத் வீட்டில் போட்டுவிட்டுப் போன புத்தகங்களை அவள் எப்போதோ படித்து முடித்திருந்தாள்.

கடைசி ஆண்டுதான் இடித்தது. ஒரு பருவம் முழுக்கப் பள்ளியில் சம்பளமில்லாமல் பயிற்சி ஆசிரியையாக நிற்கவேண்டும். ஆலையில் விடுப்பு தருவார்கள், கூலி தரமாட்டார்கள். சம்பளம் இல்லாமல் கட்டணமும் கட்டி, வீட்டுக்குக் கணப்பு எண்ணெயும் வாங்க முடியாது. விஷயம் ஊரில் பரவியது.

ஒரு சனிக்கிழமை ரீனோ வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று ஒரு காசோலையை நீட்டினான்.

"கொலெத் கொடுத்தா. எதுக்குன்னு சொல்லல. நானும் கேக்கல."

அவளுடைய அந்தக் கடைசி ஆண்டுக்குச் சரியாகப் போதுமான தொகை. நோவெலா வாங்கிக்கொண்டாள்.

ஜெர்மேனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மூஞ்சியில வீசி எறிஞ்சிருக்கணும்டீ!"

"எறிஞ்சா படிப்புக்கு யாரு கட்டுவா, நீயா? அது என் காசு. வீடு திரும்பியிருக்கு."

"மன்னிச்சுட்டியா அப்ப?"

"காசு வந்திருக்கு. தங்கச்சி வரல."

ஆனாலும், அந்தக் காசோலையில் எங்கோ ஒரு மன்னிப்பு ஒளிந்திருக்கிறது என்று அவள் நம்பத்தான் செய்தாள். பட்டமளிப்புக்கு எல்லோருக்கும் இடம் பிடித்து வைத்தாள். கொலெத் வந்தாள், அம்மாவும் வந்தாள், படம் எடுத்துக்கொண்டார்கள். கொலெத் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள். நோவெலா அந்தக் கையைத் தள்ளவில்லை.

அந்த வருடம் ஆற்றோரமாக நான்கு ஊர் தாண்டி ஒரு பள்ளியில் அவளுக்கு நான்காம் வகுப்பு கிடைத்தது. முதல் வாரம், ஆசிரியர் அறையில் தலைமையாசிரியை காபி ஊற்றிக்கொண்டே அன்பாகச் சொன்னார்.

"உங்க தங்கச்சியை எனக்கு நல்லாத் தெரியும். ஆலையில கிடந்த அக்காவை நான்தான் செலவு பண்ணிப் படிக்க வெச்சேன்னு எல்லாக் கூட்டத்துலயும் பெருமையா சொல்வாங்க. கொடுத்து வெச்சவங்க நீங்க."

அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நோவெலா கோப்பையைக் கீழே வைத்தாள். ரத்தம் முகத்துக்கு ஏறியது அவளுக்கே தெரிந்தது.

"இல்லைங்க" என்றாள். "அவ அஞ்சு வருஷப் படிப்புக்கு நான்தான் கட்டினேன். வறுவல் ஆலையில நின்னு கட்டினேன். அப்புறம் அவ எனக்குக் கட்டறதா பேச்சு. கட்டல. கடைசியில ஒரு வருஷக் காசைத் திருப்பித் தந்தா. நடந்தது அவ்வளவுதான்."

தலைமையாசிரியை சர்க்கரையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

எங்கள் பள்ளத்தாக்கில் இப்படியொரு பேச்சு நாலு ஊர் தாண்ட ஒரு நாள் போதும். கொலெத் மறுத்துப் பேசவில்லை. போன் செய்வதைத்தான் நிறுத்திக்கொண்டாள். ஞாயிறு காலைப் பூசையை விட்டுச் சனி மாலைப் பூசைக்குப் போக ஆரம்பித்தாள். அம்மாவும் அவளோடு போகிறாள்.

நோவெலா ஜெர்மேனை அழைத்துக்கொண்டு காலைப் பூசைக்குப் போகிறாள். திரும்பி வந்து மேசையில் நோட்டுகளைப் பரப்பி, திங்கட்கிழமைக்குள் திருத்தி முடிக்கிறாள். ஜெர்மேன் அங்கேயே சோபாவில் கால் நீட்டித் தூங்கிவிடுவாள்.