மூன்றாவது பட்டன்

கிண்ணியா முனீப் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நாற்பது வயதில், ஒருவரும் சொல்லித்தராமல் கணினி படித்து, ஓர்ஸ் ஹில் பகுதிக் கம்பனியொன்றில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குக் கதிரை பிடித்தார். லேசுப்பட்ட காரியமா அது! கம்பனியின் இணையத்தளத்தில் படகுச் சவாரிக்கு இடம் பதியலாம். அந்த இணையப் பக்கத்தில் மாற்றம் வரும்போதெல்லாம், மனிதரைப்போல் பட்டன்களை அழுத்திச் சரிபார்க்கும் சோதனை நிரல்களை எழுதுவது முனீப்.

"என்ர டெஸ்ட் பொய் சொல்லாது" என்பார்.

அந்த நிரல்கள் பட்டனைத் தேடியது எண்ணித்தான். மேலிருந்து மூன்றாவது, 'பதிவுசெய்'. பக்கத்தை எழுதும் கீர்த்தனி, வேலைக்குப் புதியவள், ஒருநாள் கேட்டாள்.

"முனீப் நானா, ஒவ்வொரு பட்டனுக்கும் நிரலுக்குள்ள மாறாத பேர் வச்சுத் தாறன். அதால தேடுங்கோவன்."

"எனக்கு எண்ணத் தெரியும் தங்கச்சி. பேர் வைக்கிறதெண்டா பிள்ளைப்பேற்று வார்ட்டுக்குப் போங்க."

அலுவலகமே சிரித்தது.

திங்கட்கிழமை காலை சோதனை தோற்றது. முனீப் ஏனென்று பார்க்கவில்லை. கூட்டத்தில் எழும்பி, "பதிவு வேலை செய்யல்ல சேர். கீர்த்தனி பாத்துச் செய்யிறல்ல" என்றார். அவளை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று யோசிக்கவேண்டும் என்று முதலாளி அருளம்பலம் எல்லோர் முன்னும் சொன்னார்.

மத்தியானம்தான் முனீப் சோதனை நிரல் பிடித்துவைத்த பக்கத்தின் படத்தைப் பார்த்தார். முதலாளி கேட்டபடி கீர்த்தனி மேலே 'மொழி' என்ற பட்டனைச் சேர்த்திருந்தாள். இப்போது மூன்றாவதாக நின்றது 'அழி'. அவருடைய நிரல் தான் நிரப்பிய விவரத்தையெல்லாம் தானே அழித்துவிட்டு, பதிவைக் காணோம் என்று கத்தியிருந்தது.

கரையில் நிற்கும் வள்ளங்களில் தன் மச்சானுடையதை அவர் ஒருநாளும் எண்ணித் தேடியதில்லை. ஒன்று கடலுக்குப் போனாலே கணக்குப் பிழைக்கும். வள்ளத்தின் விலாவில் எழுதிய நம்பரைத்தான் பார்ப்பார்.

கீர்த்தனியின் மேசைக்குப் போனார். "பிழை என்ர டெஸ்டில தங்கச்சி."

"தெரியும் நானா. கூட்டம் முடிஞ்ச கையோட பாத்தனான்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"உங்கட டெஸ்ட் பொய் சொல்லாதெல்லோ. நான் சொன்னா ஆர் நம்புவினம்?"

"சேரிட்ட தனியச் சொல்றன்."

"தனியவோ? என்னை எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னனீங்கள்."

நாலு மணித் தேநீருக்கு எல்லோரும் கூடியபோது முனீப் எழும்பினார். அருளம்பலத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"காலமை நான் சொன்னது பிழை சேர். பிள்ளைட பக்கம் சரி. எனக்குத்தான் பட்டன் தேடத் தெரியல்ல."

அருளம்பலம் கோப்பையை வைத்தார். "கீர்த்தனி, காலமை சொன்னதை விடுங்கோ." பிறகு முனீப்பிடம் திரும்பினார். "அப்ப, இதுவரை நீங்கள் சரியெண்டு சொன்னதெல்லாம்?"

"அதையும் பாக்கணும் சேர்" என்றார் முனீப்.