மோட்டார் சைக்கிள் தின்ற கற்பூரம்

கற்பூர வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கோயில் நினைவு வரும். எனக்கு முதலில் வருவது பெட்ரோல் நெடிதான். இரண்டும் கலந்து, சூடேறிய இரும்பின்மேல் தூறல் விழுந்து எழும் ஆவியோடு சேர்ந்து, தொண்டையில் கசப்பாக இறங்கும் அந்த நெடியை முகர்ந்தவர்கள் இன்று எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்களோ தெரியாது. நான் முகர்ந்தவள். அதுவும் ரோட்டோரத்தில் நின்று அல்ல. இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்து ரோட்டில், அப்பாவின் மோட்டார் சைக்கிள் டாங்கியின்மேல் மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு முகர்ந்தவள். இதை எழுதும்போதே எனக்கு முகம் சுருங்குகிறது.

என் அப்பா அந்தத் தோட்டத்தின் பெரிய கங்காணி. விடிகாலையில் ஆட்கள் கூடும் ‘பெரட்டுக்களத்தில்’ இன்றைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பது அவர் வாயில் இருந்தது. ஒரு நாள் வேலை பதிவாவதைத் தோட்டத்தில் ‘பேர்’ என்பார்கள். அப்பாவிடம் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னவருக்கு மறுநாள் ‘அரைப்பேர்’. அதற்குமேல் வாய் நீண்டால் பேரே கிடையாது. வெள்ளைக்காரச் சின்னத்துரை சீமைக்குத் திரும்பியபோது தம்முடைய பழைய மோட்டார் சைக்கிளை அப்பாவுக்கு விட்டுப் போனார். விட்டுப் போனார் என்றால் விற்றுவிட்டுப் போனார். அப்பா சொல்லும்போது மட்டும் அது அன்பளிப்பாகிவிடும்.

அந்த வண்டிக்கு மேடு பிடிக்காது. பள்ளத்தில் சிங்கம்போல் உறுமிக்கொண்டு போகும், பெரிய பாறைக்குப் பக்கத்து வளைவில் ஏறத் தொடங்கியதும் இருமும், கருப்பாகத் துப்பும், நின்றுவிடும். ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து தள்ளுவார்கள். அப்பா இறங்கமாட்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பார், ஆட்கள் மூச்சு வாங்கத் தள்ளுவார்கள், டாங்கியின்மேல் இருந்த எனக்கும் இறங்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. துரை பங்களாவுக்கு முன்னால் அப்படித் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தியது ஒன்றுதான் அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளே வண்டியைத் தெஹியோவிட்ட கடைத்தெருவில் வண்டி பழுதுபார்க்கும் ‘பாஸிடம்’ கொண்டுபோனார், நானும் போனேன்.

பாஸ் சிங்களவர். ‘காபரேட்டரை’க் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கோழி இறகின் தண்டை உள்ளே விட்டு நெடுநேரம் நோண்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் தலைப்பக்கத்து மூடியைத் திறந்து, அடுப்புச் சட்டியில் படிவதுபோல் படிந்திருந்த கரியைச் சுரண்டி உதறினார். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, போகிற போக்கில், “கபுரு டிகக் தாண்ட, மாத்தயா” என்றார். பெட்ரோலில் கொஞ்சம் கற்பூரம் போடுங்கள், கரி தானாகக் கரைந்துவிடும் என்று அர்த்தம். அந்த நாளில் வண்டிக்காரர்கள் பலருக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அப்பா அங்கேயே கடையில் இரண்டு வில்லை வாங்கி டாங்கியில் போட்டார். திரும்பும்போது வண்டி பாறை வளைவை ஒரே மூச்சில் ஏறிவிட்டது. பாஸின் இறகையும் சுரண்டலையும் அப்பா அந்த வளைவிலேயே மறந்துவிட்டார். கற்பூரம் மட்டும் அவர் மனதில் நின்றது.

கடையில் வாங்கியது தீர்ந்தது. தினமும் டவுனுக்குப் போக முடியுமா? வீட்டிலேயே ஒரு டின் நிறையக் கற்பூரம் இருந்தது.

அது எங்களுடையதல்ல. தோட்டத்து மாரியம்மன் கோயில் தகரக்கூரை ஒழுகும் என்பதால் பித்தளைச் சாமான், பட்டுத்துணி, கற்பூரம் எல்லாம் கோயில் பெரியவர் என்ற முறையில் அப்பாவின் பொறுப்பில் எங்கள் வீட்டில் இருந்தன. கற்பூரம் காற்றில் கரையாமல் இருக்க மிளகு போட்டு, பிஸ்கட் டின்னில் இறுக்கி மூடி வைத்திருந்தார்கள். அதில் பெரும்பங்கு செல்லம்மாவுடையது. செல்லம்மா தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயங்களில் கீழ்லயத்தில் இருந்தவள், பால் வெட்டுகிறவள். குளிர்காய்ச்சல் லயம் லயமாகப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன வருஷத்தில், அவளுடைய ஒரே மகன் ராசு கண் செருகிக் கிடந்தபோது, “இவன் எழுந்திரிச்சா இவன் ரெண்டு கையும் நெறைய கற்பூரம் அள்ளி ஒன் வாசல்ல கொளுத்துறேன்” என்று ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டாள். ராசு எழுந்துவிட்டான். ஆனால் காய்ச்சல் அவனை முழுக்க விடவில்லை; மாதத்துக்கு ஒருமுறையாவது நடுங்கிப் படுப்பான். நேர்த்தி தீரும்வரை அப்படித்தான் இருக்கும் என்று செல்லம்மா உறுதியாக நம்பினாள். சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சமாகக் கற்பூரம் வாங்கி, திருவிழாவன்று கொளுத்துவதற்காக எங்கள் அம்மாவிடம் கொடுத்து வைத்தாள். மிளகையும் அவளே கொண்டுவந்து தன் கையால் போட்டாள்.

அப்பா அந்த டின்னைத் திறந்தபோது அம்மா குறுக்கே வந்து நின்றதை நான் பார்த்தேன். “ஏங்க, அது ஆத்தாளுக்குக் குடுத்ததுங்க. அந்தப் புள்ள செல்லம்மா வயித்தக் கட்டி வாங்கினது.”

“திருவிழாவுக்கு இன்னும் எத்தனையோ நாள் கெடக்கு. அதுக்குள்ள வாங்கி வெச்சிர மாட்டேனா? நம்ம கோயில்தானே” என்றார் அப்பா. ‘நம்ம’ என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் கோயிலும் ஆத்தாளும் லயத்து ஆட்களும் ஒரே மூட்டையாக அவர் மடியில் விழுந்தார்கள்.

அதன்பிறகுதான் அந்த வேடிக்கை தொடங்கியது. வண்டி ரோட்டில் போனால் பின்னால் கற்பூரம் மணக்கும். மரத்துக்கு மரம் குனிந்து பால் வெட்டிக்கொண்டிருக்கும் பெண்கள், மணம் மூக்கில் பட்டதும் யோசிக்காமலே நிமிர்ந்து கைகூப்புவார்கள். வழக்கமாகிப்போன கை, தானாக எழும்பிவிடும். அப்பா அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். “பாத்தியா பாப்பா, அப்பாவுக்கு எவ்வளவு மரியாதைன்னு” என்றார். அவர் நம்பினார். நானும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? துரைசாணி காரில் போகும்போது கையை லேசாகத் தூக்கி அசைப்பாள் அல்லவா, அதுபோல நானும் அசைத்தேன். லயத்துப் பிள்ளைகள் எதிரே வந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே அசைத்தேன். சீ, என்ன பிள்ளை நான்!

வாங்கி வைப்பதாகச் சொன்ன கற்பூரத்தை அப்பா வாங்கவில்லை. அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காதோ என்னவோ. அவர் மறந்துபோனார், அவ்வளவுதான்.

திருவிழாவன்று உச்சிப் பூஜைக்கு முன்னால் அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டி மாலை போட்டார்கள். செல்லம்மா தலை குளித்து மஞ்சள் சேலை உடுத்தி, ராசுவின் நெற்றி நிறையத் திருநீறு பூசி, முன்வரிசையில் நிறுத்தியிருந்தாள். பையன் இரண்டு கைகளையும் சேர்த்துக் குழித்து, கற்பூரம் வாங்கத் தயாராக நீட்டிக்கொண்டிருந்தான். பூசாரி டின்னை எடுத்தார். எடுத்தபோதே உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. மூடியைத் திறந்து பார்த்தார், கையை விட்டுப் பார்த்தார், பிறகு டின்னைச் சாய்த்தார். மிளகு மட்டும் உருண்டு வந்தது.

யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள்.

“கற்பூரந்தானே, காத்துல கரைஞ்சு போச்சு. மூடி சரியில்ல” என்றார் அப்பா.

“மொளகு போட்டுத்தானுங்களே குடுத்தேன்” என்றாள் செல்லம்மா. அவள் சொன்னது பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடச் சரியாகக் கேட்டிருக்காது. சொல்லிவிட்டு, சொன்னதற்குப் பயந்து, ராசுவின் நீட்டிய கைகளை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அம்மா வீட்டுக்கு ஓடினாள். எங்கள் சாமி மாடத்தில் மிச்சமிருந்த ஒரு வில்லையைக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள். பூசாரி அதைக் கொளுத்தி ஆத்தாளுக்குக் காட்டிவிட்டு, வழக்கப்படி முதலில் அப்பாவிடம் நீட்டினார்; அப்பா ஒற்றிக்கொண்டார். அடுத்து நான். நானும் ஒற்றிக்கொண்டேன். கணக்கப்பிள்ளை, அவர் வீட்டார், பிறகு சில்லறைக் கங்காணிகள். செல்லம்மாவிடம் தட்டு போனபோது அதில் கருப்புத் திட்டு மட்டும் இருந்தது. அவள் அந்தத் திட்டில் விரலை ஒற்றி ராசுவின் நெற்றியில் வைத்தாள். அம்மா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

மறுநாள் காலையில் அப்பாவோடு கிளம்பினேன். டாங்கியில் இன்னும் பழைய கலவைதான் இருந்தது. பாறை வளைவில் வண்டி மெதுவாக ஏறியபோது ரோட்டோரத்தில் செல்லம்மாவும் ராசுவும் நின்றார்கள். நாங்கள் கடந்ததும், அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு நடுரோட்டுக்கு வந்து, எங்கள் வண்டி விட்ட புகைக்குள் நின்றாள். குழித்த அவன் கைகளைப் புகையில் காட்டி, அந்தக் கைகளை அவன் கண்ணில் ஒற்றினாள். தன் கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். நான் கழுத்தைத் திருப்பி அவர்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டே போனேன்.

மேலே ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுப் பார்க்க அப்பா இறங்கியதும் நான் குறுக்குப்பாதையில் கீழே ஓடினேன். செல்லம்மா மரத்தடியில் வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பாவையா கும்புட்டீங்க?” என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாளா என்று இருந்தது.

“இல்ல பாப்பா” என்றாள். கோபமே இல்லை. “எங்க கற்பூரம் இப்ப எரியிற எடம் அதுதானே. எங்க எரிஞ்சா என்ன, ஆத்தா வாங்கிக்குவா.”

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ரோடு முழுக்க மணத்துக்கொண்டு போனது எப்படித் தெரியாமல் இருக்கும்? நான் திரும்பப் போனபோது அவள் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தாள். “அப்பாகிட்ட சொல்லிராதீங்க பாப்பா. நாளைக்குப் பேர் இல்லாம போயிரும். இந்தப் புள்ளைய வெச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?”

பறிகொடுத்தவள் அவள். என் கையைப் பிடித்துக் கெஞ்சியதும் அவள்தான். அந்த நிமிஷத்தில் எனக்கு என் சட்டை, என் காலில் கிடந்த செருப்பு, எல்லாமே வேண்டாம் என்று இருந்தது. அதன்பிறகு நான் டாங்கியின்மேல் ஏறவில்லை. ஏன் வரவில்லை என்று அப்பா கேட்டபோது, நெடி தாங்கவில்லை என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

போன வாரம் என் இளைய மகன் தன் மோட்டார் சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, கடையில் வாங்கிய சின்னப் புட்டியிலிருந்து ஏதோ ஒரு தைலத்தை டாங்கியில் ஊற்றிக்கொண்டிருந்தான். கார்புரேட்டரும் எஞ்சினும் சுத்தமாகுமாம். கற்பூரம் போட்டால் ஆகாதா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். “அது சும்மா கதம்மா. கற்பூரத்தால கரி போகாது. கழட்டிச் சுத்தம் பண்ணினாத்தான் போகும்.” அப்படியென்றால் அன்றைக்கு வண்டியை மேட்டில் ஏற்றியது பாஸின் கோழி இறகுதான். செல்லம்மாவின் கற்பூரம் ஒன்றுக்கும் உதவாமல் எரிந்துபோயிருக்கிறது.

பாறை வளைவை அகலப்படுத்தப் பாறையை உடைத்துவிட்டார்கள். கீழ்லயம் இருந்த இடத்தில் காடு மண்டிக் கிடக்கிறது. செல்லம்மாவும் ராசுவும் தோட்டத்தை விட்டு அனுப்பப்பட்ட மற்றவர்களோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனதாகக் கேள்வி. எந்த ஊர் என்று சொல்ல இங்கே யாருமில்லை. அந்தக் காய்ச்சல் ராசுவை எப்போது விட்டது என்றும் எனக்குத் தெரியாது.

கோயிலுக்கு இன்றும் போகிறேன். கற்பூரத் தட்டு வரும்போது மட்டும் பக்கத்தில் நிற்பவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டுக் கடைசியில் நின்றுகொள்வேன். என்னிடம் வருவதற்குள் அநேகமாக அணைந்துவிடும். தட்டில் இருக்கும் கருப்பைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.